விலையிலே வைத்த இரக்கம்



சென்ற ஆண்டு நம் பங்கின் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, நன்கொடை அளித்தவர்களைக் கண்டு நன்றி கூறி, இரசீதும் கொடுத்து வரலாம் என்று கடைத்தெருப் பக்கம் சென்றிருந்தோம். தேர்ப்பவனிக்கு ஆகும் செலவில் பெரும் பகுதியைத் தாமே ஏற்பதாக முன்வந்திருந்தவர், மருந்துக்கடை ஒன்றின் உரிமையாளர். நல்ல மனிதர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். அதற்கு முந்திய ஞாயிறன்றுதான் அவருடைய பெயரைப் பீடத்தருகே நின்று வாசித்து, ஊரறியப் பாராட்டியிருந்தோம்.

நாம் கடைக்குள் நுழைந்த வேளையில், முதியவள் ஒருத்தி கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் கசங்கிய மருந்துச் சீட்டு. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை இருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"முழு அட்டை வேண்டாம் தம்பி. மூன்று மாத்திரை மட்டும் வெட்டிக் கொடு."

"இரத்த அழுத்த மாத்திரை பாட்டி, தினம் ஒன்று போட வேண்டுமே" என்றான் கடைப் பையன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறேன்."

கத்தரிக்கோல் அட்டையை நறுக்கிய ஓசை கேட்டது. மூன்று மாத்திரைகளையும் முடிச்சில் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பியவள், நம்மைக் கண்டதும், "தோத்திரம் சாமி" என்று கைகூப்பிவிட்டுப் படியிறங்கிச் சென்றாள். நம் கையிலோ இரசீதுப் புத்தகம் இருந்தது. அந்த நொடியில் அது கனத்ததுபோல் வேறெப்போதும் கனத்ததில்லை.

நம் முகத்தைப் படித்துவிட்டார் கடைக்காரர். "சாமி, நான் என்ன செய்யட்டும்? வியாபாரம் என்றால் வியாபாரம்தானே? கடைக்காரன் புண்ணியம் தேடிக்கொள்ளக் கோயில் உண்டியலை விட்டால் வேறு வழி உண்டா? இருந்தால் நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில் நியாய விலை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தாம் நாம். ஆயினும், அன்று அந்தக் கேள்விக்கு நம் வாயிலிருந்து விடை வரவில்லை. இல்லம் திரும்பிய பிறகே, முன்பொரு காலத்தில் வாசித்த ஒரு மருந்து வணிகரின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஜெஸ்ஸி பூட் என்பது அவர் பெயர். இங்கிலாந்து நாட்டவர். கத்தோலிக்கர் அல்லர், மெதடிஸ்டுக் குடும்பத்தில் பிறந்தவர். அதனால் என்ன? பிரிந்த சகோதரரிடம் விளங்கும் உண்மையான கிறிஸ்தவ நற்பண்புகளை மகிழ்வோடு ஏற்றுப் போற்றும்படி, 1964ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய விதித்தொகுப்பில் இரண்டாம் வத்திக்கான் சங்கமே நம்மைத் தூண்டுகிறதன்றோ? எனவே இம்மாதம் அவர் கதையைக் கேட்போம்.

மூலிகைக் கடைச் சிறுவன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்காம் என்னும் நகரம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்னல் துணிக்கும் லேஸ் நெசவுக்கும் பேர்போன தொழில் நகரம் அது. உலகின் பல நாடுகளை, நம் நாடு உட்பட, பிரிட்டன் தன் கொடியின்கீழ் வைத்திருந்த காலம். கப்பல் கப்பலாகச் செல்வம் வந்து குவிந்த அந்நாட்டிலேயே, தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமான சந்துகளில் நோயோடும் வறுமையோடும் போராடிக்கொண்டிருந்தன. மருத்துவரை அழைக்க அவர்களுக்கு வசதியில்லை. மருந்துக்கடையில் கேட்கும் விலையையும் கொடுக்க இயலாது.

1849ஆம் ஆண்டில், ஜான் பூட் என்ற முன்னாள் பண்ணைக் கூலியாள் இந்நகரின் கூஸ் கேட் தெருவில் சிறிய மூலிகைக் கடை ஒன்றைத் திறந்தார். அவர் மெதடிஸ்டு சபையில் மிகுந்த பற்றுடையவர். ஏழைகளுக்கு மருந்து என்பது அச்சபையின் மரபிலேயே ஊறிய கருத்து. சபையின் நிறுவுநரான ஜான் வெஸ்லி, 1746இல் இலண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் நடத்தியவர். மறு ஆண்டே, வீட்டில் எளிதாகச் செய்துகொள்ளக்கூடிய மருத்துவ முறைகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டவர். பணத்தைப் பயன்படுத்தும் முறை பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற மறையுரை ஒன்று உண்டு. நேர்மையாக ஈட்டுதல், வீணாக்காமல் சேர்த்தல், தாராளமாகக் கொடுத்தல் என்னும் மூன்று படிகளை அதில் விளக்குகிறார். அம்மறையுரையிலேயே, தம் வருவாயைப் பெருக்குவதற்காகப் பிறரின் நோயை நீடிக்கச் செய்யும் மருத்துவரையும் மருந்து விற்போரையும் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆம், கொடுப்பதைப் பற்றிப் பேசுமுன் ஈட்டும் வழியைப் பற்றிப் பேசினார். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஜான் பூட்டின் மகன் ஜெஸ்ஸி, 1850ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பிறந்தான். பத்து வயதில் தந்தையை இழந்தான். தாய் மேரி துணிவுள்ள பெண்மணி. கணவர் விட்டுச் சென்ற கடையைத் தாமே ஏற்று நடத்தினார். வயல்வெளிகளுக்குச் சென்று மூலிகை பறிப்பதும், உலர்த்தி இடித்துப் பொட்டலம் கட்டுவதும் தாய்க்கும் மகனுக்கும் அன்றாட வேலையாயின. பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. இருபத்தொன்றாம் வயதில் தாயுடன் கடையில் பங்காளியானார். 1877இல் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்றார். ஆக, ஒரு கைம்பெண்ணின் உழைப்பிலே எழுந்து நின்ற கடை அது.

ஒரு பென்னிக்கு ஓர் இராத்தல்

அந்நாளைய மருந்துக்கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. விலைகளை உயர்த்தி வைத்திருப்பார்கள். குறைவாக விற்றால் தொழிலுக்கே இழுக்கு என்று எண்ணுவார்கள். வசதியுள்ளவர் கடனுக்கு வாங்கிச் செல்வார். ஏழை வெளியே நிற்பார். ஜெஸ்ஸி பூட் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். மொத்தமாக, ரொக்கப் பணம் கொடுத்து வாங்கினார், ரொக்கத்துக்கே விற்றார். ஒவ்வொரு பொருளிலும் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு, அதிகம் பேருக்கு விற்றார். நம் நாட்டிலும் பேதியுப்பு எனப்படும் எப்சம் உப்பைப் பிற கடைக்காரர்கள் ஓர் அவுன்ஸ் ஒரு பென்னிக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, அவர் ஓர் இராத்தலை ஒரு பென்னிக்குக் கொடுத்தார். ஓர் இராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். கணக்கு எளிது, பதினாறு பேர் வாங்கக்கூடிய விலைக்குப் பொருள் இறங்கியது.

ஆனால் பேதியுப்பு வேறு, மருத்துவர் எழுதித் தரும் மருந்து வேறு. ஜெஸ்ஸி பூட் தேர்வெழுதித் தகுதிபெற்ற மருந்தாளுநர் அல்லர். 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி, நச்சுத்தன்மையுள்ள மருந்துகளை விற்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே இருந்தது. வணிக நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கலாகாது என்று மருந்தாளுநர் சங்கம் வழக்காடியது. வழக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக அன்று விளங்கிய பிரபுக்கள் சபை வரை சென்றது. தகுதிபெற்றவரைப் பணியில் அமர்த்திக்கொண்டு நிறுவனமும் மருந்து விற்கலாம் என்னும் வழி 1880இல் அச்சபையின் தீர்ப்பால் திறந்தது. 1884இல் பூட் தம் கடைக்கு எட்வின் வேரிங் என்ற தகுதிபெற்ற மருந்தாளுநரை அமர்த்தினார். மருத்துவர் சீட்டுக்கான மருந்துகள், பிற கடைகளில் வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதிக்குக் கிடைத்தன.

மலிவாக விற்றால் கலப்படம் என்பார்களே, அந்தப் பேச்சும் எழுந்தது. அதற்கு அவர் அளித்த விடை, 1888இல் தம் நிறுவனத்துக்குச் சூட்டிய பெயரிலேயே இருக்கிறது: 'பூட்ஸ் தூய மருந்து நிறுவனம்'. பூட்ஸ் என்றவுடன் நம்மவருக்குக் காலணிதான் நினைவுக்கு வரும்; ஆங்கிலேயருக்கோ இன்றுவரை மருந்துக்கடைதான் நினைவுக்கு வருகிறது. 1900ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 180 கடைகள்; 1914இல் 550க்கும் மேல். முதல் உலகப் போரின்போது செர்மனியிலிருந்து வந்த மருந்துகள் நின்றுபோகவே, ஆஸ்பிரின் முதலியவற்றை இந்நிறுவனமே உற்பத்தி செய்தது.

இந்த வளர்ச்சியில் ஒரு பெண்மணியின் பங்கையும் கூறவேண்டும். ஓய்வின்றி உழைத்து உடல் நலிந்த ஜெஸ்ஸி, 1885இல் ஜெர்சி என்னும் தீவுக்கு ஓய்வெடுக்கச் சென்றார். அங்கே புத்தகக் கடைக்காரர் ஒருவரின் மகளான புளோரன்ஸ் ரோ என்பவரைச் சந்தித்தார். மறு ஆண்டு மணந்தார். கடைகளுக்கு அழகையும் ஒழுங்கையும் கொண்டுவந்தவர் அந்த அம்மையார். பூட்ஸ் கடைகளிலே வாடகை நூலகம் அமைத்து, எளிய மக்களின் கையிலும் புத்தகம் கிடைக்கச் செய்தார். அந்நூலகம் 1966 வரை நடைபெற்றது. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு வரும் இளம்பெண்களுக்குச் சூடாகக் கோகோ கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். அடுப்படியை அறிந்த ஒரு தாயுள்ளத்துக்குத்தான் அது தோன்றும்.

கொடையும் கேள்வியும்

செல்வம் பெருகியது. ஜெஸ்ஸி பூட் அள்ளிக் கொடுத்தார். நாட்டிங்காம் ஆல்பர்ட் மண்டபத்தில் இயங்கிய மெதடிஸ்டு மறைப்பணிக்குப் பெரும் இசைக்கருவியான ஆர்கனை வழங்கினார். நகர மக்களுக்குப் பூங்காவும் விளையாட்டுத் திடல்களும் அளித்தார். மகள் டோரத்தியின் பெயரால் முதிய போர்வீரர்களுக்கு இல்லங்கள் கட்டினார். கிரிமியப் போரிலும், 1857இல் நம் நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்குவதிலும் ஈடுபட்ட வீரர்களுக்கென அமைந்தவை அவை. இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு சற்றுத் தயங்குகிறது, தயங்கட்டும். ஒரு மனிதரின் இரக்கமும் அவர் வாழ்ந்த காலத்தின் எல்லைச் சுவருக்குள்ளேதான் பெரும்பாலும் நடமாடுகிறது. நம் இரக்கமும் அப்படித்தானோ என்று ஆராய்வதே நமக்கு நலம்.

அவருடைய கொடைகளுள் தலையாயது, ஹைஃபீல்ட்ஸ் என்னும் பரந்த நிலத்தை நாட்டிங்காம் பல்கலைக் கல்லூரிக்கு அளித்ததாகும். அங்கெழுந்த புதிய கட்டடத்தை 1928ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். 1930இல் அறிவியல் மேதை ஐன்ஸ்டைன் அங்கு வந்து சொற்பொழிவாற்றினார். அவர் எழுதிய கரும்பலகை இன்றும் காக்கப்படுகிறது. மறு ஆண்டு, வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்ற நம் காந்தியடிகளும் அக்கல்லூரிக்குச் சென்றார். 1948இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆனால், எல்லாரும் கைதட்டவில்லை. அவ்வூருக்கு அருகில் பிறந்து, அக்கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ், இக்கொடையை எள்ளி நகையாடிக் கவிதையே எழுதினார். மருந்துக்கடைக் காசில் எழுந்த கல்விக்கூடம் என்பது அவர் ஏளனம். மற்றொரு குறையும் உண்டு. இந்தப் பெருங்கடைகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், தெருமூலைச் சிறு மருந்துக்கடைக்காரர்கள் பலர் தவித்தார்கள், கோபமும் கொண்டார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. பூட் தொழிலில் விட்டுக்கொடுக்கும் மனிதர் அல்லர், போட்டியில் கடுமையானவர். ஆகவே அவரைப் பீடத்தில் ஏற்றி வைக்க நாம் இங்கு முற்படவில்லை.

எனினும் லாரன்ஸ் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி: கொடையாளியின் பணம் எங்கிருந்து வந்தது? பங்குத்தந்தையராகிய நாம் இக்கேள்வியை அதிகம் கேட்பதில்லை. தட்டில் விழுந்த நோட்டைத்தான் பார்க்கிறோம். அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறி வந்தது என்று பார்ப்பதில்லை. ஜெஸ்ஸி பூட்டைப் பொறுத்தமட்டில், அது நாட்டிங்காம் ஏழைகளின் பென்னிகளிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பென்னியைக் கொடுத்தவர், முன்பு பதினாறு பென்னி கொடுக்க வேண்டியிருந்த பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதாவது, நகரத்துக்கு நிலம் கொடுப்பதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, தம் கடையின் மேசைமேல் அவர் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் செய்த முதல் தருமம் விலையில் இருந்தது. அதற்குக் கல்வெட்டு இல்லை. திறப்பு விழாவும் இல்லை.

முடங்கிய கைகள்

பிறர் நோய்க்கு மருந்து விற்றவரை நோய் விட்டுவைக்கவில்லை. 1900ஆம் ஆண்டுக்குப் பின் முடக்குவாதம் அவருடைய மூட்டுகளைப் பற்றியது. ஆண்டுதோறும் அது கடுமையாகி, சக்கர நாற்காலியில் அவரை அமர்த்தியது. நூற்றுக்கணக்கான கடைகளின் அலமாரிகளில் ஆயிரமாயிரம் மருந்துகளை அடுக்கி வைத்திருந்தவருக்கு, அவர் வலியைத் தீர்க்கும் மருந்து ஒன்றுகூட அவற்றில் இல்லை. 1920இல் நிறுவனத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு 22 இலட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு விற்றுவிட்டார். 1929இல் டிரென்ட் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. 1931ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், தமது எண்பத்தொன்றாம் வயதில், மனைவி பிறந்த ஜெர்சித் தீவிலேயே உயிர் நீத்தார். அவர் நினைவாக அங்கிருந்த சிற்றாலயம் ஒன்றைப் புளோரன்ஸ் அம்மையார் புதுப்பித்தார். பிரெஞ்சுக் கலைஞர் ரெனே லலீக் கண்ணாடியாலேயே சிலுவையும் வானதூதரும் வடித்துக் கொடுக்க, 1934இல் அப்பணி நிறைவுற்றது.

கதை இங்கே முடியவில்லை. ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்ற பதினாறு வயதுச் சிறுவன் பூட்ஸ் மருந்துக்கடை ஒன்றில் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். பின்னர் அதே நாட்டிங்காம் கல்லூரியில், ஜெஸ்ஸி பூட் கொடுத்த நிலத்தில், மருந்தியல் பயின்று பட்டம் பெற்றான். பூட்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை, முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து ஒன்றைத் தேடுவதாகும். ஜான் நிக்கல்சன் என்ற வேதியியலாருடன் சேர்ந்து, நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஆண்டுக்கணக்கில் சோதித்தார். பலமுறை தோல்வி; நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பின்பும் கைவிட வேண்டியிருந்த மருந்துகள் உண்டு. இறுதியில் கண்டறிந்ததே இபுபுரூஃபென். 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. நம் வீடுகளில் 'புரூஃபென்' என்று அறியப்படுவது இதுதான். நோயை வேரோடு அகற்றாவிடினும், வீக்கத்தையும் வலியையும் தணிக்கிறது. (மருத்துவரைக் கேளாமல் இதை நாள்தோறும் உட்கொள்வது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊறு செய்யும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.)

தம் வலிக்கு மருந்து காணாமல் மறைந்தவர் ஊன்றிய விதைகள் இரண்டு: ஒரு கடை, ஒரு கல்லூரி. முப்பது ஆண்டுகள் கழித்து, அவ்விரண்டிலும் வளர்ந்த ஒருவரின் கையால் அந்த மருந்து பிறந்தது. இதனை ஜெஸ்ஸி பூட் திட்டமிடவில்லை. அவரால் திட்டமிட்டிருக்கவும் இயலாது. நல்ல மனத்தோடு விதைத்தவனுக்கு அறுவடையைக் காட்டாமலே, அதைப் பிறருக்குப் பரிமாறுவது ஆண்டவரின் வழக்கம்.

சத்திரக்காரரை மறந்தோம்

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! குரு விலகிச் சென்றார், லேவியர் விலகிச் சென்றார், சமாரியர் இரங்கினார் என்று மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். ஆனால் அவ்வுவமையில் இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. அவர்தாம் சத்திரக்காரர்.

சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, மேற்செலவு ஆனால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போய்விடுகிறார். இனி அந்த நோயாளியின் உயிர் யார் கையில்? வியாபாரியான சத்திரக்காரரின் கையில். அவர் அந்த இரண்டு தெனாரியத்துக்கு ஒரு நாள் சோறு போட்டுவிட்டு, 'காசு தீர்ந்தது' என்று வெளியே தள்ளியிருந்தால்? செலவழிக்காத எண்ணெய்க்கும் கணக்கெழுதி வைத்திருந்தால்? சமாரியரின் இரக்கம் பாதி வழியில் செத்திருக்கும். இரக்கமுள்ளவர் ஒருவர் கொடுக்கிறார். நேர்மையுள்ளவர் ஒருவர் அதை நோயாளியிடம் சேர்க்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் காயம் ஆறுகிறது. சத்திரக்காரர் இலவசமாக எதுவும் செய்யவில்லை, கூலி வாங்கினார். ஆயினும் அவரும் அந்த நற்செய்தியில் இடம்பெற்றவரே.

கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் ஆகமம், அதன் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில், மருத்துவரோடு மருந்து செய்பவரையும் நினைவுகூர்கிறது. மண்ணிலிருந்து மருந்தைத் தோற்றுவித்தவர் கடவுள் என்பது அதன் போதனை. மருந்து முதலில் கடவுளுடையது என்றால், அதை அளந்து கொடுப்பவன் அவருடைய கண்காணிப்பாளன்தானே? அவனுடைய தராசும் விலைச்சீட்டும் ஒருவகையில் பலிபீடத்தைச் சேர்ந்தவையே. இது மருந்துக்கடைக்கு மட்டும் உரியதன்று. அரிசிக்கடைக்கும், தையற்கடைக்கும், வட்டிக்குக் கொடுப்பவருக்கும், வாடகை வாங்குபவருக்கும், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் நம்மைப் போன்ற குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது. வாங்கும் கட்டணத்தில் வைக்காத இரக்கத்தை, பிறகு வழங்கும் தருமத்தால் முழுவதும் ஈடுசெய்துவிட முடியாது.

மீண்டும் அந்தக் கடை

சில நாள் கழித்து அந்தக் கடைக்காரரைச் சந்தித்து, ஜெஸ்ஸி பூட்டின் கதையைச் சொன்னோம். முழுவதையும் கேட்டார். நாம் எதிர்பார்த்தபடி உருகவில்லை. வியாபாரிக்கே உரிய கேள்விகளைக் கேட்டார். மொத்தமாக எவ்வளவு வாங்கினார், கடனுக்குக் கொடுத்தாரா, ஆட்களுக்குச் சம்பளம் எப்படி என்றெல்லாம். கடைசியில், "யோசிக்கிறேன் சாமி" என்றார். அவ்வளவுதான்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுச் சென்றபோது, அவர் கொடுத்தது சென்ற ஆண்டுக் கொடையில் பாதி. நம் முகம் சற்று வாடியது உண்மை, மறைப்பானேன்? தேர் அலங்காரத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மின்விளக்குக்காரர் வேறு காத்திருந்தார்.

அவர் சிரித்தார். "குறைந்ததற்குக் காரணம் நீங்கள்தாம் சாமி. மாதாமாதம் மருந்து வாங்கும் வயதானவர்களுக்கு என் இலாபத்தில் ஒரு பகுதியைக் கழித்துத்தான் போடுகிறேன். அதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் இருந்தால், டாக்டரிடம் கேட்டு மாற்றி எழுதி வாங்கி வரச் சொல்கிறேன். அதில் எனக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். உண்டியலுக்கு வரவேண்டியது இந்த மேசைமேலேயே போய்விடுகிறது" என்றார்.

நாம் கேட்டோம்: "அந்தப் பாட்டி?"

"இப்போதெல்லாம் முழு அட்டையாக வாங்குகிறார்கள்" என்றான் கடைப் பையன், நிமிர்ந்து பாராமலே.

இரசீதுப் புத்தகத்தைத் திறந்து, குறைந்த தொகையை எழுதிக் கையெழுத்திட்டோம். இவ்வாண்டு தேரில் விளக்குகள் குறைவு. சிலர் நம்மிடம் வந்து, "என்ன சாமி, சென்ற ஆண்டுபோல் இல்லையே!" என்று குறைப்பட்டார்கள். அவர்களுக்குச் சொல்லாத காரணத்தை இங்கு உங்களுக்குச் சொல்லிவிட்டோம். அந்தக் கடைக்காரரின் பெயரை இம்முறை பீடத்தருகே நின்று வாசிக்கவில்லை. அவரே வேண்டாம் என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்களுள் கடை நடத்துவோர் இருக்கிறீர்கள். தொழில் செய்வோர் இருக்கிறீர்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்போரும் இருக்கிறீர்கள். இம்மாதம் உண்டியலில் இடுமுன், உங்கள் விலைச்சீட்டையும் சம்பளக் கணக்கையும் ஒருமுறை எடுத்து ஆண்டவர் முன் வைத்துப் பாருங்கள். அதில் இரக்கத்துக்கு ஓரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதனால் கோயிலுக்கு வருவது குறைந்தால், உங்கள் பங்குத்தந்தை வருந்தமாட்டார். வருந்தினாலும், சில நாளில் தேறிவிடுவார்.